ஊறுகாய் ஜாடியில் நாணல்

10 டிசம்பர், புதன்

பனி. வெயில் ஏறும்வரை மலையே தெரியவில்லை. மொபட் கிளம்ப மறுத்தது. பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, இன்றைக்கு அதுதான் லாபம். உரக்கடையில் கூட்டம் இல்லை. இரண்டு பேர் யூரியா கேட்டார்கள். ஸ்டாக் இல்லை.

நேற்று சாயந்திரம் நித்யா பேசினாள். அவள் அம்மா கமலாவின் வருஷ திதிக்கு அவளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். ஜனவரி 2. பெங்களூரிலிருந்து கார். எனக்கு ஒரே சந்தோஷம். "மாடி ரூமைக் கழுவி வெக்கிறேன்மா, உன் ரூமு" என்றேன். அதற்கு அவள் சொல்கிறாள்:

"வேணாம்பா. ரமணாசிரமம் பக்கத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ் புக் பண்ணிட்டோம். உங்களுக்கு எதுக்கு சிரமம்."

சிரமமாம். சொந்த வீடு, கீழே இரண்டு அறை, மேலே ஒன்று, இருப்பது நான் ஒருத்தன். பெற்ற பெண் அதே ஊரில் வாடகை அறையில் தங்கப் போகிறாள். அதுவும் பௌர்ணமி சமயம். கிரிவலக் கூட்டத்தில் இந்த ஊரில் ரூம் கிடைக்க வேண்டுமென்றால் எத்தனை நாளுக்கு முன்னால் சொல்லி வைத்திருக்க வேண்டும்! அதுதான் உறுத்துகிறது. நேற்று எடுத்த முடிவு இல்லை இது.

வைக்கும்போது வழக்கம்போல, "நல்லா தூங்குறீங்களாப்பா?"

"படுத்தா காலையிலதாம்மா எழுந்துக்கிறேன். நீ?"

"நானும்தான்பா."

ரூம் போட்டோ அனுப்பியிருக்கிறாள். வெள்ளைச் சுவர், மூங்கில் நாற்காலி, மஞ்சள் வெளிச்சம். மூலையில் ஒரு மண்பானை, அதில் ஏதோ காய்ந்துபோய் நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். புல். புல்லேதான். "சூப்பர்மா" என்று பதில் போட்டேன். கட்டைவிரல் ஒன்று.

தயிர் சாதம். ஊறுகாய் கடையில் வாங்கியது. வாயில் வைக்க முடியவில்லை.

12 டிச., வெள்ளி

பல் வலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிச் சீக்கிரம் கிளம்பினேன். செங்கம் ரோடு. அந்த கெஸ்ட் ஹவுஸ் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க. அப்பன் வேவு பார்க்கிறான் என்று நித்யாவுக்குத் தெரிந்தால் சிரிப்பாள். சிரிக்க மாட்டாள் என்றும் தோன்றியது.

கீழே காபி கடை. காபியின் மேல் இலை வரைந்து கொடுத்தார்கள். கலைக்க மனம் வரவில்லை, ஆறிப்போனது. எதிர் மேஜையில் ஒரு வெள்ளைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். தூக்கமா தியானமா தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பூனைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

சுவர் ஓரம் அதே புல். எழுந்து போய்த் தொட்டேன். நாணல்! ஏரிக்கரை நாணல்!

"சார், அது டெக்கரேஷன், தொடாதீங்க. கொட்டும்" என்றது கல்லாவில் இருந்த பெண்.

"எங்கம்மா வாங்குனீங்க?"

"ஆன்லைன்ல சார்."

உரக்கடையில் சேர்ந்த நாளிலிருந்து களைக்கொல்லி விற்கிறேன். வரப்பில் நாணல், வாய்க்காலில் நாணல் என்று வருகிறவர்களுக்கு என்ன மருந்து, டேங்குக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புவதுதான் என் பிழைப்பு. இங்கே அதைப் பானையில் நிறுத்தி, தொடாதே என்கிறார்கள்.

திரும்பி வரும்போது ஒரு யோசனை. வீட்டிலேயே இப்படி ஒரு அறை இருந்தால் அவள் ஏன் வெளியே தங்குகிறாள்? கிறுக்குத்தனம்தான். எழுதி வைக்கிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

14 டிச., ஞாயிறு

வெயில் நன்றாக இருந்தது. கதிர் அரிவாளோடு ஏரிக்கரை. நல்ல வெள்ளையாக, பஞ்சு மாதிரி விரிந்ததாகப் பார்த்துப் பார்த்து அறுத்தேன். கை முழுக்கக் கீறல். நாணல் இலை பிளேடு. கட்டி மொபட் பின்னால் வைத்தால் வால் ரோட்டைத் தொடுகிறது.

டீக்கடையில் ஒருத்தன்: "இன்னா சார், மாடு வாங்கிட்டியா?"

வாசலில் பக்கத்து வீட்டு வசந்தா. "அண்ணா, இன்னாண்ணா இது? திதி குடுக்கப் போற வூட்ல காஞ்ச புல்லக் கொண்டாந்து அடுக்குறீங்க? ஐயரு எடுத்தாற தர்ப்ப பத்தாதா?"

"அழகுக்கும்மா" என்றேன்.

ஒரு மாதிரி பார்த்தாள். அவள் பேரில் தப்பில்லை. இந்த வாசலில் கமலா போனதிலிருந்து கோலம் கிடையாது. துக்க வருஷம். பத்து நாள் முன்னால் தீபத்துக்குத் தெருவே ஜொலித்தது, என் வீடு மட்டும் இருட்டு. மொட்டை மாடியில் தனியாக நின்று மலையுச்சித் தீபத்தைப் பார்த்தேன். பக்கத்து மாடிகளில் எல்லாரும் அரோகரா என்று கத்தினார்கள். என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. இறங்கி வந்துவிட்டேன். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் அழகு என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்கிறது.

மாடி ரூமில் தண்ணீர்க் குடத்தில் நிறுத்தினேன். பரவாயில்லை. நன்றாகவே இருக்கிறது.

17 டிச., புதன்

மார்கழி பிறந்துவிட்டது. விடியும் முன்னே ஒலிபெருக்கி. தெரு முழுக்கக் கோலம். எங்கள் வாசலில் வெறும் தண்ணீர்.

நாணல் மோசம் செய்துவிட்டது. மூன்றாம் நாளே உதிர ஆரம்பித்து வீடெல்லாம் பஞ்சு. ரசத்தில் பஞ்சு. மூக்குக் கண்ணாடியில் பஞ்சு. கமலா படத்து மாலையில் பஞ்சு. வேலைக்கு வரும் கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"இன்னா சார், பஞ்சு மில்லு வெச்சிருக்கியா? பெருக்கப் பெருக்க பறக்குது. நான் இன்னா பண்றது?"

எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகு யூடியூப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். விரிந்த பூவை அறுக்கவே கூடாதாம். உறையிலிருந்து பாதி எட்டிப் பார்க்கும்போதே அறுத்து, இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஹேர் ஸ்ப்ரே.

வாங்க: ஹேர் ஸ்ப்ரே. சணல் கயிறு. வெள்ளை பெட்ஷீட். மஞ்சள் பல்பு. ஷேவிங் பிளேடு.

ஃபேன்சி ஸ்டோரில் ஹேர் ஸ்ப்ரே கேட்டேன். கடைக்கார அம்மா என் தலையைப் பார்த்தார். அதில் ஸ்ப்ரே அடிக்க ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது.

"பொண்ணுக்கா சார்?"

"ஆமா" என்றேன். பொய் இல்லையே.

21 டிச., ஞாயிறு

குளிர் ஜாஸ்தி. நாணல் பருவம் முடிகிற நேரம். ஏரிக்கரை முழுக்க அலைந்தேன், எல்லாம் விரிந்து கொட்டிப்போனது. கடைசியில், கடைக்கு வரும் முனிரத்தினம் நிலத்தில், கரை ஓரம் ஒரு பெரிய புதர். பூ பாதி வெளியே வந்த நிலையிலேயே காய்ந்து, தங்கக் கலரில் நிற்கிறது! அரிவாளை எடுத்துவிட்டேன்.

"அத்த இன்னாத்துக்கு அறுக்குற சார்? நீ குடுத்த மருந்துதான், போன வாரம் அடிச்சேன். இன்னாமா வேல செஞ்சிருக்கு பாரு!" என்று முனிரத்தினம் வந்தார்.

அரிவாளை இறக்கினேன். நானே கொடுத்த மருந்து. கலர் அத்தனை அழகு. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் மகள் படுக்கிற அறை. மூச்சு விடுகிற அறை. வேண்டாம் என்று சொல்லி மொபட் பக்கம் நடந்தேன். போகப் போக அழுகை வரும் போல இருந்தது. புல்லுக்காக ஒரு கிழவன் அழுவதா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

முனிரத்தினம் பின்னாலேயே வந்தார். "அந்தாண்ட வாய்க்கால்ல நெழலுல கொஞ்சம் கீது சார். அங்க மருந்து அடிக்கல. எத்தினி வோணும்னாலும் எடுத்துக்கோ. ஆனா எதுக்குன்னு சொல்லு."

"பொண்ணு வரா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பாதியை அவரே அறுத்துக் கொடுத்தார்.

மாடி ரூமில் கொடி கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஜன்னல் சாத்தியாயிற்று. இளஞ்சிவப்பும் வெள்ளியும் கலந்த நிறம். கமலா இந்த நிறத்தில் ஒரு புடவை வைத்திருந்தாள். பீரோவைத் திறந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். திறக்கவில்லை.

24 டிச., புதன்

நித்யா போன். திதிக்கு வாழைக்காய், பூசணி, ஐயருக்கு வேட்டி எல்லாம் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று. "இங்கேயே தங்கேன்மா" என்பது நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை. கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் ஜனவரி 2 வரை அந்த இல்லையோடு இந்த வீட்டில் நான்தானே இருக்க வேண்டும்.

கடையில் கூட வேலை பார்க்கும் ஏழுமலை: "சார் நாணல்ல பிஸினஸ் ஆரம்பிச்சிட்டாரு. ஒரு கையில மருந்து விக்கிறாரு, ஒரு கையில புல்லு விக்கிறாரு." சிரித்தேன். அவனோடு சிரிப்பதுதான் ஒரு நாளைக்கு நான் சிரிப்பது.

தூக்கம் இல்லை. ஹால் சோபாவில்தான் படுக்கை. கமலா படுத்திருந்த அறைப் பக்கம் இன்னும் போக முடியவில்லை.

28 டிச., ஞாயிறு

கோபம்.

கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்தால் கன்னியம்மா ஹாலைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். புதுத் துடைப்பம். சணல் கயிற்றால் இறுக்கி, பிடிக்குத் துணி சுற்றி, நேர்த்தியாகக் கட்டியது. இளஞ்சிவப்பும் வெள்ளியும்.

"எப்டி சார்? கடையில விக்கிற பூந்தொடப்பம்லாம் இதும் பக்கத்துல நிக்க முடியாது. நல்லா காய வெச்சிருந்த சார். அதான் பொண்ணு வரதுக்குள்ள கட்டிடலாம்னு."

கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். வசந்தா வீட்டு ஜன்னல் திறந்தது, அது மட்டும் தெரியும்.

கன்னியம்மா துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் படுக்க வைத்தாள். நிறுத்தி வைக்கக்கூடாது என்று கமலா சொல்லிக் கொடுத்தது. பிறகு முந்தானையை உதறிக்கொண்டு சொன்னாள்:

"அழகுக்குன்னு எனக்கு இன்னா சார் தெரியும்? அம்மா இருந்தா, கன்னிம்மா, இத்த தொடாத, இது இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பாங்க. நீ இன்னா பேசுற? வரேன், போறேன். அதானே? இத்தினி நாளா இந்த வூட்ல யாருமே பேசுறது இல்ல சார். எனக்கே பயமாக்கீது."

போய்விட்டாள். அவள் சொன்னது சரி. வீட்டுக்குள் நான் பேசுவது போனில்தான். மற்றபடி டி.வி. பேசுகிறது.

மேலே போய்ப் பார்த்தேன். பாதிக்கும் மேல் போயிற்று. மிச்சம் ஒரு பிடி.

29 டிச., திங்கள்

கன்னியம்மா வருவாளா என்று வாசலிலேயே நின்றேன். வந்தாள். டீ போட்டு நானே கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, "சக்கர போடல" என்றாள். போட்டேன். மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொண்டாள் போல.

மேலே கூட்டிப் போய் எதற்கு என்று சொன்னேன். நித்யா வெளியில் தங்குவதையும் சொன்னேன். கன்னியம்மாவிடம் போய் இதைச் சொல்கிறேன்! சொன்ன பிறகு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

"தங்கும் சார்" என்றாள். "தங்காம எங்க போவும்?"

தரையைத் தேய்த்துக் கழுவித் தந்தாள். புதுத் துடைப்பம், உண்மையிலேயே பிரமாதமாகப் பெருக்குகிறது.

31 டிச., புதன்

வருஷக் கடைசி. கடை அரை நாள்.

ஹேர் ஸ்ப்ரே அடித்தேன். அறை முழுக்கக் கல்யாண மண்டப வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். வெள்ளை பெட்ஷீட் விரித்தாயிற்று. மஞ்சள் பல்பு போட்டாயிற்று. மூங்கில் நாற்காலி இல்லை, அவள் படித்த மர நாற்காலிதான்.

பானை வாங்க மறந்துபோனேன். சமையலறையில் தேடியதில் பரண் மேல் கமலாவின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. மேலே பழுப்பு, கீழே வெள்ளை, பீங்கான். காலியாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது. இரண்டு தரம் கழுவினேன். மிச்சமிருந்த ஒரு பிடி நாணலை அதன் வயிற்றில் நிறுத்தினேன். குறைச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் குறைச்சலாக இருப்பதும் ஒரு மாதிரி நன்றாகவே இருக்கிறது. விளக்கைப் போட்டதும் சுவரில் நிழல் விழுந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே ஒரு இதயம் வந்தது. "வாவ்பா!! யார் வீடு?"

"நம்ம வீடுதான்மா."

டைப் செய்கிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. கடைசியில் "ஹேப்பி நியூ இயர்பா" என்று மட்டும் வந்தது.

2 ஜனவரி, வெள்ளி

காலை. லேசான பனி. வந்துவிட்டார்கள். மெலிந்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. "டயட்டாம்மா?" என்றேன். ஆமாம் என்றாள். பெட்டிகள் காரிலேயே இருக்கின்றன. எனக்குப் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான், பார்த்துவிட்டேன். ஐயர் வந்துவிட்டார், பிறகு எழுதுகிறேன்.

மாலை. ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா சத்தம்கூடக் கேட்கிறது.

திதி நல்லபடியாக முடிந்தது. தர்ப்பை மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றுகொண்டே இருந்தது. காக்காய் உடனே வந்து எடுத்தது. நித்யா மொட்டை மாடியில் நின்று அதைப் பார்த்தாள்.

சாப்பிட்ட பிறகு மாப்பிள்ளை கிளம்பினார். "மாமா, கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டை அடைச்சிடுவாங்க. நான் மொதல்ல போய் ரூம்ல பெட்டிய வெச்சுட்டு வந்துடறேன். அப்புறம் இவளைக் கூட்டிக்கிறேன்." சரி என்றேன். வேறு என்ன சொல்ல? கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் ஆட்டம் அதோடு முடிந்தது.

நித்யா தானாகவே, "மாடி ரூம் பாக்கலாம்பா" என்றாள்.

கதவு ஓரத்தில் நின்றாள். ஸ்ப்ரே கேனைப் பார்த்தாள். என் தலையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போயிற்று. நாணல் கதை முழுக்கச் சொன்னேன். பஞ்சு மில், முனிரத்தினம், கன்னியம்மா துடைப்பம். துடைப்பத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷச் சிரிப்பு.

பிறகு குனிந்து, புல்லை விட்டுவிட்டு ஜாடியிடம் மூக்கைக் கொண்டுபோனாள்.

"அப்பா. இது அம்மா ஜாடிதானே?"

"ஆமாம்மா. ரெண்டு வாட்டி கழுவுனேன்."

"போகலப்பா. எலுமிச்சங்கா வாசனை இன்னும் இருக்கு."

ஜாடியைத் தூக்கிக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள். "அஞ்சு நிமிஷம் சாஞ்சுக்கறேன்பா. பிரவீன் வந்தா கூப்பிடுங்க." நான் கீழே வந்துவிட்டேன்.

வெயில் சாயும்போது போய் எட்டிப் பார்த்தேன். புடவையோடு, ஒருக்களித்து, சின்ன வயசில் படுப்பதுபோலவே முழங்காலை மடக்கி. வாய் லேசாகத் திறந்திருந்தது. நாணல் பூ ஒன்று தலையணை பக்கம் சாய்ந்து அவள் மூச்சுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அவள் போன் கைப்பையில் அடித்தது. எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன். மாப்பிள்ளை.

"ரெடியா இருக்கியா? ரோடு பூரா ஜனம்..."

"மாப்ள, நான்தான். அவ தூங்குறா. எழுப்பட்டுமா?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"தூங்குறாளா மாமா? நெஜமாவா?"

"ரெண்டு மணி நேரமா."

"எழுப்பாதீங்க." குரல் ஒரு மாதிரி இருந்தது. "மாமா, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. அத்தை போனதுலருந்து அவளுக்குத் தூக்கமே இல்ல. டாக்டர்கிட்ட போறோம், மாத்திரை சாப்பிடறா, அப்பவும் விடிய விடிய உக்காந்திருப்பா. அங்க தங்கினா நீங்க பாத்துடுவீங்க, அப்பாவே பாவம் தனியா இருக்காரு, இது வேறயான்னுதான் வெளிய ரூம் போடச் சொன்னா. வீடு பிடிக்காம இல்ல மாமா."

சரிப்பா என்றேன். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிடுகிறேன், நேரமானாலும் கவலைப்படாதீங்க என்றார். அதற்கும் சரிப்பா என்றேன்.

கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன். நல்லா தூங்குறீங்களாப்பா என்று ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள். நான் பொய் சொல்வேன். திருப்பிக் கேட்பேன். அவள் பொய் சொல்வாள். ஒரு வருஷமாக, வாரத்துக்கு இரண்டு தடவை. அவள் எழுந்ததும் முதலில் நான் சொல்லிவிட வேண்டும், எனக்கும் தூக்கம் இல்லையம்மா என்று.

டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். குக்கர் வைத்தால் விசில் அடிக்கும். சோற்றைப் பாத்திரத்தில் வடிக்க வேண்டும், கமலா போனபின் அப்படி வடித்ததில்லை. வசந்தா வீட்டில் மிக்ஸி ஓடியது, மதில் மேல் எட்டிக் கையைக் காட்டினேன், நிறுத்திவிட்டாள்.

பால்காரர் வரும் நேரம். கேட்டைப் போட்டு இடிப்பார். வாசலில் போய் நிற்கிறேன்.